மகளிர் ரக்பியும் புரவலர் பொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வங்க மண்ணில் வாழ்ந்தும் தமிழை மறவாத நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், இம்முறை விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தனர். நாம் மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தோமில்லை. ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளின் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து விட்டோம். ஆகவே ஓர் ஆட்டத்தைப் பார்த்தால், யார் வென்றார் என்பதற்கு முன், இதற்குப் பொருள் எங்கிருந்து வந்தது, யாரிடம் போய்ச் சேர்ந்தது, எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்பதே நம் கண்ணில் படுகிறது. தொழிற்பழக்கம் என்று பொறுத்தருள்க.

இந்தக் கணக்கை விளக்குவதற்கு மகளிர் ரக்பியைக் காட்டிலும் நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் கையில் காசில்லாத நிலையிலிருந்து எண்பதாயிரம் பேர் கூடும் நிலைக்கு அது வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் கம்பெனிகளின் பங்கு என்ன, ஆடிய பெண்களின் பங்கு என்ன என்பதைச் சற்றே ஆராய்வோம். ஆராய்ந்தபின் நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. அதை இறுதியில் சொல்வோம்.

ரக்பி ஆட்டத்தை நம்மில் பலர் நேரில் கண்டதில்லை. அதன் பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவில் இருக்கும். அதைக் காலால் உதைக்கலாம். கையில் ஏந்தி ஓடவும் செய்யலாம். ஆனால் கையிலிருந்து முன்னோக்கி எறிதல் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வரும் துணையிடம்தான் கொடுக்க வேண்டும். பந்துடன் ஓடுபவரை எதிரணியினர் பற்றிக் கீழே வீழ்த்துவர். நம் சடுகுடு ஆட்டத்தின் பிடியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் 5 புள்ளி. அதன்பின் கம்பங்களின் நடுவே அதை உதைத்துவிட்டால் மேலும் 2 புள்ளி. அணிக்குப் பதினைவர் ஆடும் ஆட்டம் 80 நிமிடம் நடக்கும். எழுவர் ஆட்டம் என்ற குறு வடிவமும் உண்டு. அதில் ஒவ்வொரு பாதியும் 7 நிமிடமே. அந்த எழுவர் ஆட்டம் 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர் இருபாலர்க்கும் சேர்க்கப்பட்டது.

மகளிர் ரக்பியின் முதல் உலகக் கோப்பை 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் வேல்ஸ் நாட்டில் நடைபெற்றது. அதை நடத்தியது சர்வதேசக் கழகம் அன்று. லண்டனில் உள்ள ரிச்மண்டு கிளப்பைச் சார்ந்த நான்கு பெண்கள் நடத்தினார்கள். டெபோரா கிரிபின், சூ டோரிங்டன், ஆலிஸ் கூப்பர், மேரி போர்சைத் என்பன அவர்களுடைய பெயர்கள். வேலைக்குப் போகும் பெண்கள். வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் கடிதம் எழுதினார்கள், மைதானம் தேடினார்கள், பன்னிரண்டு நாட்டு அணிகளை வரவழைத்தார்கள். பெரிய கம்பெனி எதுவும் அவர்களுக்குப் பொருள் தர முன்வரவில்லை. சர்வதேச ரக்பிக் கழகமும் அப்போட்டிக்கு அங்கீகாரம் தரவில்லை.

அந்தப் போட்டிக்கு வந்த சோவியத் நாட்டுப் பெண்களின் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், நெஞ்சும் நெகிழும். அந்நியச் செலாவணி கொண்டுவர இயலாத அவர்கள், வோட்கா புட்டிகளையும் மீன் சினைப் பண்டங்களையும் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு வந்தார்கள். அவற்றை விற்று வயிறு கழுவலாம் என்பது அவர்கள் எண்ணம். சுங்க அதிகாரிகள் குறுக்கிட்டார்கள். எனினும் அப்பெண்கள் ஆடாமல் திரும்பவில்லை. கார்டிப் நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா இங்கிலாந்தை 19–6 என்ற கணக்கில் வென்றது.

இரண்டாவது போட்டிக்கும் அங்கீகாரம் இல்லை. 1994-ல் அதை நடத்த ஒப்புக்கொண்டிருந்த நெதர்லாந்து பின்வாங்கியது. ஸ்காட்லாந்துப் பெண்கள் குறுகிய காலத்தில் முன்வந்து எடின்பரோவில் நடத்தி முடித்தார்கள். சர்வதேசக் கழகத்தின் அங்கீகாரம் 1998-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த மூன்றாவது போட்டிக்குத்தான் கிடைத்தது. முதல் இரண்டையும் உலகக் கோப்பைகளே என்று ஏற்றுக்கொள்ள அக்கழகத்திற்கு 2009 வரை ஆயிற்று. பதினெட்டு ஆண்டு நிலுவை! நம் அலுவலகத்தில் ஒரு கோப்பு அத்தனை காலம் நிலுவையில் கிடந்தால் என்னென்ன விளக்கம் கேட்பார்கள் என்பதை இங்குள்ள ரயில்வே அன்பர்கள் அறிவார்கள்.

அன்பர்களே, உழைப்பு இருந்தது, திறமை இருந்தது, துணிவு இருந்தது. கண்டு மதிப்பார் மட்டும் இல்லை. இவ்விடத்தில் புறநானூற்றுக் காலத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. பெருஞ்சித்திரனார் என்ற புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். மன்னன் அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவரோ வறியவர். ஆயினும் அப்பொருளை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாமலும் தம் புலமையை அறியாமலும் தரப்பட்டதை வாங்கிச் செல்லத் தாம் வாணிகரல்லர் என்பது அவருடைய கருத்து. பொருளின் அளவு அவருக்குப் பெரிதன்று. பார்த்து, அறிந்து, மதித்துக் கொடுத்தானா என்பதே பெரிது. புரவலர் பொருள் என்பதற்குத் தமிழர் வகுத்த இலக்கணம் இது.

மகளிர் ரக்பிக்கு முதலில் வந்த கம்பெனிப் பொருள் பெரும்பாலும் இத்தகைய காணாப் பொருளே. ஆடவர் அணிக்கு ஒரு நிறுவனம் பெருந்தொகை தரும். ஒப்பந்தத்தின் கடைசி வரியில் மகளிர் அணியும் சேர்க்கப்படும். பண்டிகைக் காலத்தில் பட்டுப்புடவை வாங்கினால் ஒரு கைப்பை இலவசம் என்று கடைக்காரர் தருவதில்லையா? அதுபோல மகளிர் ஆட்டம் இலவச இணைப்பாகப் போயிற்று. இலவசமாக வந்த பொருளின் விலையை யாரும் கேட்பதில்லை. விலை கேட்கப்படாத பொருளுக்கு மதிப்பும் ஏற்படுவதில்லை.

நம் அலுவலகத்தில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு உண்டு. தலைப்பு இருந்தால் ஆண்டுதோறும் அதற்கென்று தொகை ஒதுக்கப்படும்; குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேள்வி எழும். தலைப்பு இல்லாத செலவெல்லாம் இதரச் செலவு என்ற ஒரே கூடையில் விழும். சிக்கனம் செய்க என்று ஆணை வந்தால் முதலில் வெட்டப்படுவது எது? இதரச் செலவுதான். கேட்க நாதியில்லை அல்லவா?

மகளிர் ரக்பி நெடுங்காலம் இதரச் செலவாக இருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்வோம். இங்கிலாந்து மகளிர் அணி 2014-ல் உலகக் கோப்பையை வென்ற அணி. 2017-ல் அடுத்த உலகக் கோப்பைக்கு அந்த அணி ஆயத்தமான வேளையில், போட்டி முடிந்தபின் பதினைவர் ஆட்டத்துக்கான சம்பள ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படமாட்டா என்ற செய்தி வந்தது. எழுவர் ஆட்டத்தில் கவனம் செலுத்தப் போவதாக இங்கிலாந்து ரக்பி ஒன்றியம் காரணம் கூறிற்று. உலகச் சாம்பியன்களின் சம்பளமே இவ்வாறு ஒரு முடிவில் நின்றுபோகும் என்றால் மற்றவர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. பெருங் கண்டனத்திற்குப்பின், 2019 ஜனவரியில் 28 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் வழங்கப்பட்டது.

மற்றொன்று 2022-ல் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் வூஸ்டர், வாஸ்ப்ஸ் என்ற இரண்டு புகழ்பெற்ற ஆடவர் கிளப்புகள் கடனில் மூழ்கின. அவற்றின் பெயரையே தாங்கி ஆடிய மகளிர் அணிகளும் உடன் தத்தளித்தன. வாஸ்ப்ஸ் மகளிர் அணி முதல்நிலைப் போட்டியிலிருந்து மறைந்தது. வூஸ்டர் மகளிர் அணி வேறொரு புரவலரின் கைத்தாங்கலில் ஓராண்டு நின்று, 2023-ல் அடுத்த பருவம் தொடங்கும் வேளையில் விலகிக்கொண்டது. கடன் வாங்கியவர் ஒருவர். வீட்டை இழந்தவர் வேறொருவர். தனிக் கணக்கு இல்லாத குடும்பத்தில் மகளிர் படும் பாட்டை நம் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் வளர்ச்சி எப்போது தொடங்கியது? மகளிர் ஆட்டத்திற்குத் தனி நாள், தனிப் பெயர், தனிக் கணக்கு என்ற மூன்றும் கிடைத்தபோது தொடங்கியது. நம் உரையின் சாரம் இதுவே.

முதலில் தனி நாளைப் பார்ப்போம். இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இத்தாலி ஆகிய ஆறு நாடுகள் ஆண்டுதோறும் ஆடும் போட்டி ஒன்று உண்டு. மகளிர் போட்டியும் ஆடவர் போட்டியும் ஒரே வாரங்களில் நடந்து வந்தன. பத்திரிகைக்காரரும் பார்வையாளரும் ஆடவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். 2021-ல் பெருந்தொற்றின் காரணமாக மகளிர் போட்டி தள்ளிவைக்கப்பட்டு ஏப்ரல் மாதத்தில் தனியே நடந்தது. துன்பத்தில் விளைந்த நன்மை! அந்த வாரங்களில் வேறு போட்டி இல்லாமையால் மக்கள் கண் மகளிர் மேல் விழுந்தது. அந்தத் தனிக் காலமே பின்னர் நிலைத்தது.

தனி நாள் வந்ததும் தனிப் பெயர் வந்தது. 2022-ல் டிக்டாக் நிறுவனம் மகளிர் போட்டிக்கென்றே பெயர்ப் புரவலராயிற்று. ஆடவர் ஒப்பந்தத்தின் வாலாக வந்ததன்று. மகளிர் ஆட்டத்தையே கண்டு, அதற்கே விலை பேசி வந்தது. உலக ரக்பிக் கழகமும் மகளிர் ஆட்டத்தின் விளம்பர உரிமைகளை ஆடவர் உரிமைகளிலிருந்து பிரித்துத் தனியே வைத்தது. மாஸ்டர்கார்டு, கேப்ஜெமினி முதலிய நிறுவனங்கள் அவ்வாறு வந்து சேர்ந்தன. ஓ2 என்ற தொலைபேசி நிறுவனம் 2020-ல் இங்கிலாந்து ரக்பியுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, ஆடவர் அணிக்கும் மகளிர் அணிக்கும் சமமாகப் பொருள் ஒதுக்குவதாக அறிவித்தது. பெருஞ்சித்திரனார் இருந்திருந்தால் இந்தப் பரிசிலை வாங்கியிருப்பார் என்று நாம் எண்ணுகிறோம்.

தனிக் கணக்கின் பயன் நுழைவுச் சீட்டில் தெரிந்தது. லண்டனில் உள்ள டுவிக்கன்ஹாம் மைதானம் ரக்பியின் பெருங்கோயில் போன்றது. 2023 ஏப்ரலில் இங்கிலாந்து மகளிர் அணி பிரான்சுக்கு எதிராக அங்கே தனியாக ஆடியது. ஆடவர் ஆட்டம் முன்னுமில்லை, பின்னுமில்லை. மகளிரைக் காண்பதற்கென்றே சீட்டு வாங்கி வந்தோர் 58,498 பேர். பின்னர் 2025-ல் இங்கிலாந்திலேயே உலகக் கோப்பை நடந்தது. பதினாறு நாடுகள் ஆடின. சண்டர்லாந்து நகரில் நடந்த தொடக்க ஆட்டத்திற்கே நாற்பதாயிரம் பேருக்கு மேல் வந்தனர். செப்டம்பர் 27-ஆம் நாள் டுவிக்கன்ஹாமில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து கனடாவை 33–13 என்று வென்றதைக் கண்டோர் 81,885 பேர். மகளிர் ரக்பியின் வரலாற்றில் அத்தனை பேர் ஓரிடத்தில் கூடியது அதுவே முதல் தடவை.

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 1991-ல் காசில்லாமல் முதல் கோப்பையை நடத்திய நால்வருள் ஒருவராகிய டெபோரா கிரிபின் அம்மையார், 2025-ல் இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்தின் தலைவரானார். அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே. விதைத்தவர் அறுவடையைக் காண்பது உலகில் அரிது. அந்த அம்மையாருக்கு அது வாய்த்தது.

இவ்வளவும் கேட்டபின், கம்பெனிகளே மகளிர் ரக்பியை வளர்த்தன என்று யாரேனும் முடிவுகட்டினால் அது பிழை. கம்பெனி தருமசத்திரம் அன்று. பயிர் தலைகாட்டியபின் வரும் மழை அது. 1991-லும் கம்பெனிகள் இருந்தன, மழை பெய்யவில்லை. முப்பது ஆண்டுக் காலம் தம் கைக்காசைப் போட்டு, சட்டை தைத்து, பேருந்துக் கட்டணம் கொடுத்து ஆடிய பெண்கள் இல்லாவிட்டால், மாஸ்டர்கார்டு எதன்மேல் பெயர் எழுதியிருக்கும்? அமெரிக்க மகளிர் எழுவர் அணி 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 14–12 என்று வென்று வெண்கலம் பெற்றது. அதன்பின்னரே மிஷல் காங் என்ற செல்வச் சீமாட்டி அவ்வணிக்கு நான்கு ஆண்டுகளில் 40 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தார். அவருடைய கொடை போற்றத்தக்கது. ஆனால் பதக்கம் முதலில் வந்தது, பணம் பின்னால் வந்தது என்பதை மறத்தல் ஆகாது.

கம்பெனிப் பொருளுக்கு நிபந்தனைகளும் உண்டு. அது வந்த வழியே போகவும் கூடும். ஆறு நாடுகள் மகளிர் போட்டியின் பெயரில் 2022-ல் டிக்டாக் இருந்தது; 2024-ல் கின்னஸ் வந்துவிட்டது. கின்னஸ் என்பது மதுபானம். மதுவின் பெயரை மகளிர் போட்டியின் நெற்றியில் எழுதலாமா என்று நம் காலனிப் பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அந்நாட்டு வழக்கம் வேறு, நம் வழக்கம் வேறு. ஆயினும் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெண்ணின் சட்டையில் யார் பெயர் இருக்கலாம் என்று சொல்லும் உரிமை, ஆடும் பெண்ணுக்கும் அவள் கழகத்திற்கும் இருக்க வேண்டும். தனிக் கணக்கு உள்ளவருக்கே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் வரும்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ரக்பிக்கும் நாம் வாழும் இவ்வங்கத்திற்கும் பழைய உறவு உண்டு. கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயரின் கிளப் ஒன்று 1878-ல் கலைந்தபோது, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்திற்கு அளித்தார்கள். நாகங்களே கைப்பிடிகளாகவும் மூடியில் ஓர் யானையும் அமைந்த அக்கோப்பைக்கு இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிட்டு வருகின்றன. இம்மண்ணின் வெள்ளி அந்நாட்டு ஆட்டத்திற்குப் புரவலாயிற்று. இம்மண்ணின் பெண்களுக்கு அந்த ஆட்டம் வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

வடவங்கத்தில் ஜல்பாய்குரி மாவட்டத்தில், காட்டின் ஓரமாகச் சரஸ்வதிபூர் என்ற தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் என்ற ரக்பிக் குழுவினர் 2013 வாக்கில் அங்கே சென்று தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்தார்கள். கொழுந்து கிள்ளும் தாய்மாரின் பெண்மக்கள் முட்டைப் பந்தைக் கையில் எடுத்தார்கள். அவர்களுள் சிலர் பின்னர் இந்தியாவுக்காகவே ஆடினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பந்து, ஒரு திடல், அனுப்பி வைக்கும் பெற்றோர், அவ்வளவே.

இந்திய மகளிர் அணி 2018-ல்தான் பதினைவர் ஆட்டத்தில் முதன்முதலாக வெளிநாட்டு அணியை எதிர்த்தது. அடுத்த ஆண்டே, 2019 ஜூனில், மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்றது. பதினைவர் ஆட்டத்தில் நம் பெண்களின் முதல் வெற்றி அது. அக்காலத்தில் சொசியேத்தே ஜெனரால் என்ற பிரெஞ்சு வங்கி இந்திய ரக்பிக்குப் புரவலராக இருந்தது. 2021-ல் ஒடிசா அரசு, ஆடவர், மகளிர் ஆகிய தேசிய அணிகள் அனைத்திற்கும் மூன்று ஆண்டுக்குப் பொருள் தர ஒப்புக்கொண்டது. 2022-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய எழுவர் போட்டியில் நம் மகளிர் வெள்ளிப் பதக்கம் பெற்றனர். பொருள் வந்த இடத்தில் பயன் விளைந்தது.

இவ்விடத்தில் நாம் உப்பைத் தின்னும் ரயில்வேயைப் பற்றியும் சொல்லாமல் இருத்தல் இயலாது. சட்டையில் பெயர் எழுதுவதினும் மேலான புரவலர் தொழில் ஒன்று உண்டு. அதுதான் மாதச் சம்பளம். 2017-ல் மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்ற இந்திய அணியின் பதினைந்து பேரில் பத்துப் பேர் ரயில்வே ஊழியர்கள். விளம்பரக் கம்பெனிகள் மகளிர் கிரிக்கெட்டை ஏறெடுத்தும் பாராத காலத்தில், முதல் தேதி தவறாமல் வந்த சம்பளமே அவர்களை மைதானத்தில் நிறுத்தியது. பின்னர் 2023-ல் மகளிருக்கென்றே தனிப் போட்டி ஏற்பட்டு, ஐந்து அணிகள் 4,669.99 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. ஆடவர் போட்டியின் இணைப்பாக விட்டிருந்தால் அந்த விலை தெரிந்திருக்குமா? 2025 நவம்பர் 2-ஆம் நாள் நம் பெண்கள் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையை ஏந்தினார்கள். முதலில் வேலை, பிறகு தனிப் போட்டி, பிறகு கோப்பை. வரிசை மாறவில்லை.

"ரக்பி முரட்டு ஆட்டம், பெண்ணின் கை கால் முறிந்தால் யார் பொறுப்பு?" என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான அச்சம். காயம் உண்டு, தலையில் அடிபடுதலும் உண்டு. 2025 உலகக் கோப்பையில் வீராங்கனைகள் பல்லில் அணியும் காப்பிலேயே ஒரு கருவி இருந்தது. பலத்த மோதல் நேர்ந்தால் அது சிவப்பாக ஒளிரும். மருத்துவர் உடனே பரிசோதிப்பார். புரவலர் பொருள் போய்ச் சேர வேண்டிய முதல் இடம் இதுவே. பயிற்சியாளர், மருத்துவர், காப்பீடு ஆகிய மூன்றுக்கும் செலவிட்டபின் எஞ்சியதைப் பந்தலுக்கும் பாராட்டுக்கும் செலவிடலாம். ஆடவர்க்கும் எலும்பு உண்டு. அது முறியும் என்று யாரும் பையன்களை வீட்டில் பூட்டி வைப்பதில்லை.

அன்பர்களே, இப்போது நம் விண்ணப்பத்திற்கு வருகிறோம்.

ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி நம் சங்கம் விளையாட்டு விழா நடத்துகிறது. இளைஞர்களின் கிரிக்கெட் போட்டிக்குக் கடைவீதி வணிகர்கள் கோப்பை தருகிறார்கள். அதில் அவர்கள் பெயர் பொறிக்கப்படுகிறது. இந்த மலரில் அவர்களுடைய விளம்பரமும் வருகிறது. அவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். பெண்களுக்கு என்ன வைத்திருக்கிறோம்? கரண்டியில் எலுமிச்சம்பழம் ஏந்தி நடத்தல். பாட்டு நின்றதும் நாற்காலி பிடித்தல். பரிசு ஒரு பிளாஸ்டிக் டப்பா. அந்தச் செலவு நம் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையில் எங்கே இருக்கிறது என்று தேடினோம். இதரச் செலவில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பு வரை நம் காலனிப் பெண்கள் பையன்களுக்கு நிகராக ஓடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் திடலில் அவர்களைக் காண முடிவதில்லை. மாலை வேளையில் மாடி விளிம்பில் நின்று, தம்பிமார் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அவர்களைப் போகாதே என்று தடுக்கவில்லை. வா என்று அழைக்கவும் இல்லை. கால்கள் அவ்வாறே ஓட்டத்தை மறந்துவிடுகின்றன. பத்து ஆண்டுகளில் இங்குள்ள நூறு பெண்களின் கால்கள் இப்படி மறந்துபோனால், அந்த நட்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

ஆகவே பொதுக்குழு மூன்று தீர்மானங்களை நிறைவேற்ற வேண்டுகிறோம். ஒன்று: சங்கத்தின் கணக்கில் பெண்கள் விளையாட்டு என்று தனித் தலைப்பு ஏற்படுத்துக. தொடக்கத்தில் ஐயாயிரம் ரூபாயே இருப்பினும் சரி. தலைப்பு இருத்தல் வேண்டும். இரண்டு: பெண்களுக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியே ஒதுக்குக. அன்று கிரிக்கெட் வேண்டாம். கண்கள் சிதற வேண்டாம். சடுகுடுவோ, கைப்பந்தோ, பிடித்து வீழ்த்தாமல் தொட்டாலே போதும் என்ற விதியுடன் ஆடும் தொடு ரக்பியோ, எது அவர்கள் விருப்பமோ அது நடக்கட்டும். மூன்று: அந்நாளுக்கென்றே ஒரு புரவலரைத் தேடுக. கிரிக்கெட்டுக்குக் கொடுப்பவரிடம் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டாம். வேறொரு வணிகரை அழைத்து வந்து, பெண்கள் ஆடுவதை அவர் கண்ணால் காணச் செய்து, அதன்பின் கேட்போம். கண்டு கொடுத்த பத்து ரூபாய் காணாமல் கொடுத்த நூறு ரூபாயினும் மேலானது.

பெற்றோருக்கும் ஒரு சொல். எல்லாப் பெண்களும் டுவிக்கன்ஹாமுக்குப் போகப் போவதில்லை. எல்லாப் பையன்களும் ஈடன் தோட்டத்திற்குப் போய்விட்டார்களா என்ன? எனினும் அவர்களுக்கு மட்டை வாங்கிக் கொடுக்கிறோம். பெண் விளையாடுவதற்கு முதற் புரவலர் கம்பெனியன்று, அரசாங்கமன்று, சங்கமுமன்று. மாலை ஐந்து மணிக்கு, "போய் ஆடிவிட்டு வா, விளக்கு வைத்தபின் வந்தாலும் சரி" என்று சொல்லும் தாயும் தந்தையுமே. அந்த ஒரு சொல்லுக்குச் செலவு ஒன்றுமில்லை. அது கிடைக்காத இடத்தில் கோடி ரூபாய் கொட்டினாலும் பயனில்லை.

 வரும் ஆண்டு மலரில் பெண்கள் விளையாட்டு நாளின் வெற்றி அணியின் படம் ஒரு முழுப் பக்கத்தில் வெளிவர வேண்டும் என்பது நம் அவா. அதன் கீழே புரவலரின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கட்டும். ஆடிய பெண்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.